ஐப்பசிச் சளியும் அரை பாட்டில் சிரப்பும்

ஐப்பசி பிறந்து கரிசலில் நாலு மழை விழுந்ததும் இடைசெவல் வட்டாரத்தில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கும். காட்டில் உளுந்தும் பாசியும் பருத்தியும் முளைத்துத் தலைகாட்டும். வீட்டில் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கும். கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் இருக்கிற இந்த ஊரை, கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊராக வாசகர்கள் அறிவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளின் மூக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மூக்கொழுகல் மூன்றாம் நாள் இருமலாகும். ராத்திரி பூராவும் பிள்ளை தூங்காது, வீட்டில் யாரும் தூங்க முடியாது. தீப்பெட்டி ஆபீசுக்கோ களையெடுப்புக்கோ போகிற தாய்க்கு, ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு காலைப்பொழுது நின்றால் அன்றைய கூலி போய்விடும். எனவே சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்தில் இருக்கும் மெடிக்கல்தான் வைத்தியசாலை. “நெஞ்சுச்சளி கட்டியிருக்குண்ணே, கொஞ்சம் பவரா குடுங்க” என்று கேட்டால் அடியில் வெள்ளைப் பொடி இருக்கும் ஒரு சின்ன பாட்டில் கிடைக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூடியில் அளந்து கொடுக்க வேண்டியது. இரண்டு நாளில் பிள்ளை விளையாடப் போய்விடும். மிச்சம் அரை பாட்டில் அலமாரியில் ஏறும், அடுத்த சளிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ ஆகும் என்று. இது இடைசெவலுக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. தமிழ்நாடு முழுக்க, இந்தியா முழுக்க இதே பாட்டில், இதே அலமாரி.

பிள்ளை தேறியதற்கும் பாட்டிலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. மூக்கொழுகலோடு தொடங்கும் சளியில் பெரும்பங்கு வைரஸால் வருவது; பாட்டிலில் இருக்கும் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சாதாரணச் சளி மூன்றாம், நான்காம் நாளில் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கும். உச்சத்தில் மருந்து கொடுக்கிறோம், இறக்கத்துக்கான பெயரை மருந்து தட்டிக்கொண்டு போகிறது. சரி, உதவவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கொடுத்ததில் கெட்டுப்போனது என்ன? நியாயமான கேள்வி. “எதிர்ப்புச் சக்தி போய்விடும்” என்று பலர் சொல்லும் பதில் தவறு. பிள்ளையின் உடம்பு மருந்துக்குப் பழகிவிடுவதில்லை. பழகுவது பிள்ளையின் மூக்கில் குடியிருக்கும் கிருமி.

குழந்தை நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான பாக்டீரியா நிமோகாக்கஸ். நோய் நுரையீரலில் தெரிந்தாலும் அதன் சொந்த வீடு மூக்கின் பின்புறம், தொண்டைக்கு மேலே இருக்கும் ஈரமான இடம். அங்கே எந்தத் தொந்தரவும் தராமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும். தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்து நடத்திய ஓர் ஆய்வின் பகுதியாக, 464 கைக்குழந்தைகளின் மூக்கைப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2001இல் வெளிவந்தன. இரண்டு மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நிமோகாக்கஸ் இருந்தது. ஆறு மாதத்தில் பத்துக்கு ஏழு பேரிடம். அவர்கள் எல்லாரும் நோயாளிகள் அல்ல, கிருமியைச் சுமப்பவர்கள். அண்ணனுக்கு அக்காளிடமிருந்து, அங்கன்வாடியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, பேரனிடமிருந்து மடியில் தூக்கி வைத்திருக்கும் ஆச்சிக்கு என்று அது சுற்றிக்கொண்டே இருக்கும். எப்போதாவது, ஏதோ ஒரு குழந்தையிடம் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

இப்போது அந்த அரை பாட்டில் சிரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் போன மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது, மூக்குக்கும் போகிறது. வைரஸுக்காகக் கொடுத்த மருந்து, சும்மா இருந்த நிமோகாக்கஸின் மேல் விழுகிறது. மருந்துக்கு மசிகிறவை செத்துப்போகும்; மசியாத ஒன்றிரண்டு இருந்தால் காலியான இடம் முழுக்க அவற்றுக்கு. பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நன்றாக ஓடியாடும். ஆனால் இனி அது தும்மும்போது பக்கத்துப் பிள்ளைக்குப் போவது வேறு ரகம். கடைசியில் நிமோனியாவோடு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தை, அதுவரை ஆன்டிபயாடிக்கை வாயில் வைத்தே இராத குழந்தையாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவின் வெளிநோயாளி மருந்துச்சீட்டுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஒரு கணக்கு இதை எண்ணாக்கிக் காட்டியது. நிமோகாக்கஸ் ஆன்டிபயாடிக்கைச் சந்திக்கும் தருணங்களில் ஐந்தில் நான்குக்கு மேல், மருந்து எழுதப்பட்டது அதற்காகவே அல்ல. எத்தியோப்பியாவில் இது கண்முன்னே நடந்தது. கண்ணைக் குருடாக்கும் ட்ரக்கோமா நோயை ஒழிக்க, சில கிராமங்களில் குழந்தைகள் எல்லாருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அசித்ரோமைசின் கொடுத்தார்கள். நல்ல நோக்கம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தொடக்கத்தில் 100 குழந்தைகளில் நால்வருக்கும் குறைவானவர்களின் மூக்கில் இருந்த மருந்தெதிர்ப்பு நிமோகாக்கஸ், ஒரே ஆண்டில் 47 பேரிடம் இருந்தது.

இந்தக் கிருமி எப்படித் தப்பிக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டு வாழ்வது. அதைக் கட்டும் கொத்தனார் வேலையைச் சில நொதிகள் செய்கின்றன. பெனிசிலினும் அதன் தம்பியான அமாக்சிசிலினும் கல் மாதிரி வேஷம் போட்டு வந்து, கொத்தனாரின் கையில் ஒட்டிக்கொள்ளும். கை அகப்பட்டுக்கொண்டால் சுவர் எழும்பாது, கிருமி வெடித்துச் சாகும். நிமோகாக்கஸ் செய்தது, நொதியின் உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டது. அந்த மாற்றத்தைத் தானாக யோசித்து உண்டாக்கவும் இல்லை. வாயில் குடியிருக்கும் சாதுவான பங்காளி பாக்டீரியாக்களிடமிருந்து மரபணுத் துண்டுகளை வாங்கித் தன்னுடையதோடு ஒட்டுப்போட்டுக்கொண்டது. செத்த கிருமி சிந்திய டிஎன்ஏவைக்கூட உறிஞ்சிக்கொள்ளும் திறமை இதற்குப் பிறவியிலேயே உண்டு. 1928இல் ஃப்ரெடெரிக் கிரிஃபித் எலிகளில் செய்த புகழ்பெற்ற சோதனையும், மரபுப்பொருள் டிஎன்ஏதான் என்று 1944இல் ஏவரி குழுவினர் காட்டியதும் இதே கிருமியின் இதே குணத்தை வைத்துத்தான். உயிரியலின் பெரிய உண்மை ஒன்றை நமக்குச் சொல்லிக்கொடுத்த திறமையே இன்று நம்மை ஏய்க்கிறது. பெனிசிலினுக்கு முழுதாக மசியாத நிமோகாக்கஸ் 1967இல் ஆஸ்திரேலியாவில் ஒரு நோயாளியிடம் தென்பட்டது. பத்தாண்டு கழித்துத் தென்னாப்பிரிக்காவில், ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு அடங்காத ரகம் வந்துவிட்டது.

இன்னொரு சுவாசக் கிருமியான ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே கையாளும் வழி வேறு. அது மருந்தையே வெட்டிப் போடும் நொதியைச் சுரக்கிறது. அந்த நொதியை முடக்கத்தான் அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்க்கிறார்கள். மெடிக்கலில் “பவர் கூடினது” என்று கொடுக்கப்படும் கூட்டு மருந்து இதுதான். ஆனால் நிமோகாக்கஸிடம் வெட்டும் நொதியே கிடையாது. அதன்முன் கிளாவுலானிக் அமிலம் வெறும் பார்வையாளர். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கைத் தருவது மட்டும் மிச்சம். மைக்கோபிளாஸ்மா என்று ஒன்று உண்டு, அதற்குச் சுவரே இல்லை. எத்தனை அமாக்சிசிலின் கொடுத்தாலும் ஒட்டிக்கொள்ள அங்கே கை இல்லை. ஆக, மருந்தில் “பவர்” என்று பொதுவாக ஒன்று இல்லை. எந்தக் கிருமி, எந்த வழியில் தப்பிக்கிறது என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம்.

அசித்ரோமைசினைத் தனியாகச் சொல்ல வேண்டும். தினம் ஒரு வேளை, மூன்றே நாள் என்பதால் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வசதி. 2019இல் இந்தியத் தனியார் சந்தையில் மிக அதிகமாகப் பயன்பட்ட ஆன்டிபயாடிக் வகை அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை, அடுத்தது செஃபிக்சிம் 200 என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னது. மூன்று நாள் குடித்தாலும் அசித்ரோமைசின் திசுக்களுக்குள் பதுங்கி, மெல்ல மெல்லத்தான் வெளியேறும். கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் மசியாத ரகத்துக்கு அனுகூலம் செய்யப் போதுமான அளவு, நாள்கணக்கில் மூக்கில் தங்குகிறது. வசதி என்று நாம் நினைத்ததே அதன் குறை. தவிர, இந்த மருந்தின் இலக்கான ரைபோசோமில் கிருமி ஒரு சின்ன வேதி மாற்றம் செய்துகொண்டால் அப்புறம் மருந்தின் அளவை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. அமாக்சிசிலின் விஷயத்தில் அப்படியில்லை. நொதியின் உருவம் ஓரளவு மாறியிருந்தாலும் அளவைக் கூட்டி அதை மடக்கிவிடலாம். குழந்தை நிமோனியாவுக்கு இந்தப் பழைய, மலிவான மருந்து இன்னும் முதல் மருந்தாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நடுவில் ஒரு விஷயம். கோடை முடிந்து முதல் மழை விழும்போது கரிசலிலிருந்து எழும் வாசனைக்கு ஜியோஸ்மின் என்ற பொருள் முக்கியக் காரணம். அதைச் செய்வது மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள். நம் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பகுதியும் இந்தக் குடும்பத்தின் சரக்குதான். 1943இல் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தது மண்ணிலிருந்து. அசித்ரோமைசினுக்குத் தாயான எரித்ரோமைசின் பிலிப்பைன்ஸின் இலோய்லோ பகுதி மண்ணிலிருந்து 1952இல் வந்தது. நஞ்சைச் சுரக்கும் உயிர், அந்த நஞ்சில் தானே சாகாமலிருக்க மாற்றும் வைத்திருக்க வேண்டும் அல்லவா? வடதுருவத்தை ஒட்டிய உறைமண்ணில் 30,000 ஆண்டுகளாகப் புதைந்திருந்த டிஎன்ஏவில் மருந்தெதிர்ப்பு மரபணுக்களை 2011இல் கண்டார்கள். எதிர்ப்பை நாம் உண்டாக்கவில்லை, அது மண்ணைப் போலப் பழையது. பிள்ளைகளின் மூக்கில் அதற்கு மவுசு ஏற்படுத்திக் கொடுத்தது மட்டும்தான் நம் வேலை.

இந்தியாவில் அந்த வேலை எப்படி நடந்தது என்பதற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைத்த ஆய்வு ஒன்று சாட்சி. 1993 முதல் 1997 வரை பல ஊர் மருத்துவமனைகளில், தீவிர நிமோகாக்கஸ் நோயோடு வந்த 314 நோயாளிகளின் கிருமிகளைச் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். பெனிசிலினுக்குத் தளர்ந்து கொடுத்தவை 1.3 விழுக்காடுதான், அதுவும் முழு எதிர்ப்பு அல்ல. ஆனால் கோட்ரைமாக்சசோலுக்கு 56 விழுக்காடு அடங்கவில்லை. ஏன் இந்த மருந்துக்கு மட்டும் இப்படி? அந்தக் காலத்தில் குழந்தை நிமோனியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் கிராமப் பணியாளர்கள் கையில் கொடுக்கச் சொன்ன மாத்திரை அதுதான். மலிவு, இரண்டு வேளை போதும், துணைச் சுகாதார நிலையங்கள் வரை போய்ச் சேர்ந்தது. பல குழந்தைகளைக் காப்பாற்றியும் இருக்கிறது. பிறகு தேய்ந்தது. இன்று அதன் இடத்தில் அமாக்சிசிலின் இருக்கிறது. அந்த ஆய்வுக்குப் பின் வந்த ஆண்டுகளில் பெனிசிலின் தளர்ச்சியும் இந்தியாவில் ஏறியிருக்கிறது. மூளைச்சவ்வுக் காய்ச்சலில் மருந்து போய்ச் சேர்வது கடினம் என்பதால் அங்கே சின்னத் தளர்ச்சிகூட ஆபத்து. நுரையீரலில் அவ்வளவு இல்லை. “எதிர்ப்பு இத்தனை விழுக்காடு” என்று செய்தியில் பார்த்தால், எந்த உறுப்பின் அளவுகோலில் என்று கேட்பது நல்லது.

அளவு என்றதும் சிரப்பை அளந்து கொடுக்கும் அந்த மூடியை மறக்க முடியவில்லை. குழந்தை நிமோனியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அமாக்சிசிலின் ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராமாவது. தினம் இரண்டு வேளை. பத்து கிலோ பிள்ளைக்கு 400 மில்லிகிராம் வருகிறது. ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும் சிரப்பில் ஒரு மூடி, அதாவது ஐந்து மில்லி, கொடுத்தால் தேவையில் மூன்றில் ஒரு பங்குகூடச் சேரவில்லை. தேவையில்லாத சளிக்கு மருந்து போகிறது. தேவையான நிமோனியாவுக்குப் போகும்போது அளவு குறைகிறது. எடை பார்க்காமல் கொடுப்பதன் விளைவு இது. இன்னொன்று, தண்ணீர் கலந்த அமாக்சிசிலின் ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம்தான் சரியாக இருக்கும். கார்த்திகையில் எடுத்துக் குலுக்கும் ஐப்பசி பாட்டிலில் எவ்வளவு மருந்து மிச்சமிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

எத்தனை நாள் கொடுப்பது என்பதிலும் பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது. “கோர்ஸை முடிக்காவிட்டால் எதிர்ப்பு வரும்” என்று காலங்காலமாகச் சொல்லிவந்தோம். ஏழு இந்திய மருத்துவமனைகளின் வெளிநோயாளிப் பிரிவுகளில் 2,188 குழந்தைகளை வைத்து நடந்த ஒப்பீடு 2004இல் வெளியானது. தீவிரமில்லாத நிமோனியாவுக்கு மூன்று நாள் அமாக்சிசிலின் கொடுத்தவர்களில் 89.5 விழுக்காடு, ஐந்து நாள் கொடுத்தவர்களில் 89.9 விழுக்காடு குணமானார்கள். வித்தியாசமே இல்லை. காசநோய் மாதிரியான நோய்களுக்கு நீண்ட கோர்ஸ் கட்டாயம், அதில் விளையாடக் கூடாது. சாதாரண நிமோனியாவில் சரியான அளவில் குறைந்த நாள்தான் நல்லது, மூக்கு மருந்தில் ஊறும் நாளும் குறையும். அந்த நாள்களை மருத்துவர் எண்ணிச் சொல்ல வேண்டும், பிள்ளை விளையாடப் போய்விட்டதைப் பார்த்து நாம் நிறுத்துவது அல்ல.

அப்படியானால் மெடிக்கலில் சீட்டில்லாமல் விற்பதை ஒரே உத்தரவில் நிறுத்திவிட்டால் என்ன? சட்டப்படி ஏற்கெனவே விற்கக் கூடாதுதான். 2010இல் என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணு பற்றி சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியின் பெயரோடு வந்த கட்டுரை பெரிய அமளியைக் கிளப்பியது. அதன் தொடர்ச்சியாக 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் கூடி, மருத்துவர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைப்பில் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. அதில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். மருத்துவர் இல்லாத ஊர்களில் முழுத் தடை போட்டால் உண்மையான நிமோனியாவுக்கும் மருந்து கிடைக்காமல் போகும், நடைமுறைக்கு ஒத்ததைப் படிப்படியாகச் செய்யுங்கள் என்றது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை அந்தச் சமரசத்தின் விளைவு. செஃபிக்சிம் போன்ற மருந்துகளை விற்றால் எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேடு எத்தனை கடைகளில் ஒழுங்காக எழுதப்படுகிறது என்பது வேறு கதை.

நிதானத்துக்குக் காரணம் உண்டு. எல்லாக் குழந்தைகளுக்கும் ஆன்டிபயாடிக் எட்டினால் 101 நாடுகளில் ஆண்டுக்கு 4,45,000 நிமோனியா மரணங்களைத் தடுக்கலாம் என்று ரமணன் லக்ஷ்மிநாராயண் குழுவினர் 2016இல் கணக்கிட்டார்கள். அதே மருந்து ஒரு பக்கம் வீணாகப் போகிறது, இன்னொரு பக்கம் கிடைக்காமல் பிள்ளை சாகிறது. சில சமயம் இரண்டும் ஒரே தெருவில்.

எது சளி, எது நிமோனியா என்று பிரித்தறிய ஸ்கேன் வேண்டாம், வினாடிமுள் இருக்கும் கடிகாரம் போதும். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்று சந்தேகித்து அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, பால் குடிக்க முடியவில்லையா, குடித்ததெல்லாம் வாந்தியா, வலிப்பா, எழுப்பினாலும் சொணங்கிக் கிடக்கிறதா? அப்போது காத்திருக்கவே கூடாது. இவை எதுவும் இல்லாமல் மூக்கும் ஒழுகி இருமலும் இருந்தால் தாய்ப்பாலும் வெதுவெதுப்பான நீரும் பொறுமையும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குக் கொஞ்சம் தேன் கொடுக்கலாம், அதற்கு முன் கூடாது. பருத்திமாரும் வேலிக்கருவையும் எரியும் அடுப்புப் பக்கத்தில் கைப்பிள்ளையைப் போட வேண்டாம். விறகுப் புகை நிமோனியாவுக்கு வழி திறந்துவிடுகிறது.

கிருமி மூக்கில் குடியேறுவதையே குறைக்கும் வழியும் இருக்கிறது, அதைத் தமிழ்நாட்டில் இன்னும் போதுமான அளவு கொண்டாடவில்லை என்று நினைக்கிறேன். ஹீமோஃபிலஸ் பி வகைக்கான தடுப்பூசி, ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியாக 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் வந்தது. தனியாரில் ஆயிரக்கணக்கில் செலவாகும் நிமோகாக்கஸ் ஊசி, 2021 ஜூலை முதல் தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் இலவசம்: ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம். இந்த ஊசி கிருமியின் வெளிப்போர்வையைக் குறிவைப்பது. உள்ளே மருந்தெதிர்ப்பு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. எதிர்ப்பு அதிகம் குவிந்திருந்த ரகங்கள் குழந்தைகளின் மூக்கில் உலவும் ரகங்களே என்பதால், அமெரிக்காவில் 2000இல் ஊசி வந்ததும் பெனிசிலினுக்கு அடங்காத நோய் சரிந்தது. கிருமியும் விடவில்லை. ஊசியில் இல்லாத 19ஏ என்ற ரகம் காலியிடத்தில் வளர்ந்தது. 2010இல் அதையும் ஊசியில் சேர்த்தார்கள். புனேயில் தயாராகும் பத்து ரக ஊசியில் 19ஏ தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ஊசி போட்ட பிள்ளைக்குக் காய்ச்சலே குறைவு, அதனால் மெடிக்கலுக்குப் போவதும் குறைவு. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இந்த ஒரு ஊசியால் ஆண்டுக்கு 2.38 கோடி முறை ஆன்டிபயாடிக் கொடுக்கப்படும் நோய் தவிர்க்கப்படுகிறது என்று 2020இல் ஒரு மதிப்பீடு வந்தது.

கடைசியாக, எனக்குப் புதிராகவே இருக்கும் ஒரு கிருமி. தொண்டை வலியும் அதைத் தொடர்ந்து மூட்டையும் இதயத்தையும் தாக்கும் வாதக் காய்ச்சலும் உண்டாக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், நிமோகாக்கஸின் நெருங்கிய உறவு. எண்பது ஆண்டுகளாக உலகம் முழுக்கப் பெனிசிலினைச் சந்தித்து வருகிறது. ஆனாலும் பெனிசிலினுக்கு முழுதாக அடங்காத ஒன்றுகூட இதுவரை எந்த நோயாளியிடமும் உறுதியாகவில்லை. நொதியை மாற்றிக்கொண்டால் அதன் உடம்பே தளர்ந்துவிடுகிறது என்று சிலர் சொல்கிறார்கள், தீர்ந்த விடை இன்னும் இல்லை. ஆக, இந்தத் தொண்டை வலிக்கு மிக மலிவான மருந்து இன்றும் அப்படியே வேலை செய்கிறது. நம் கடைகளில் அதற்கு அதிகம் விற்பதோ அசித்ரோமைசின். அந்த அசித்ரோமைசினுக்கு இந்தக் கிருமி பல நாடுகளில் எதிர்ப்பைக் கற்றுக்கொண்டுவிட்டது.